ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது

அன்புள்ள பொடிசுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அங்கே குளிர் தொடங்கியிருக்கும், பேத்திக்கு மூக்கு ஒழுகுவது நின்றதா என்று போன தடவை கேட்க நினைத்து மறந்துபோனேன். இங்கே அம்மாவும் நானும் நலம். வழக்கமாக இந்த ஒரு வரியை எழுதிவிட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, எதிர்வீட்டு நாய் என்று அடுத்த சேதிக்குத் தாவிவிடுவேன். இந்தத் தடவை அந்த வரியிலேயே நின்று, அம்மா எந்த அளவுக்கு நலம் என்பதை விடாமல் எழுதப்போகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் சமையலறைக்குக் கேட்கும், தவிரவும் போனில் நான் ஒரு விஷயத்தைத் தொடங்கினால் நீ பாதியிலேயே "புரியுதுப்பா, புரியுதுப்பா" என்று முடித்துவைத்துவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

அன்றைக்கு நீ அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "ஓவனா நீயான்னு முடிவு பண்ணிக்கோம்மா. கேக்கும் வேணாம் ஒண்ணும் வேணாம், அதை முதல்ல வித்துத் தொலை" என்றாய். பயத்தில்தான் சொன்னாய், அது எனக்குத் தெரியும், அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன அன்று நீ வர முடியாமல் அங்கே போனைக் கையில் பிடித்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்கவில்லை. அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். எல்லாம் ஈரத் துணி. அன்றிலிருந்து உன் நம்பர் வந்தால் போதும், அவளுக்கு பால்கனியில் ஏதாவது வேலை வந்துவிடுகிறது, நானும் உன்னிடம் அம்மா குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு மனுஷி இத்தனை குளியல் குளிக்க மாட்டாள் என்பது உனக்கும் தெரிந்திருக்கும். ஆகவே நடந்தது என்ன என்பதை முறையாக எழுதுகிறேன். பாதி விஷயம் உனக்கு மாமா வாய்வழியாக வந்தது, உன் மாமா ஒரு செய்தியைச் சொன்னால் அதில் உப்பும் காரமும் தாராளமாகவே இருக்கும்.

டயர்க் கடைக்கு மேலே நாம் குடியிருந்த அந்தப் பழைய வீட்டின் சமையலறை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை. மூடப்போகிற ஓர் ஓட்டலில் இருந்து அம்மா முதல் ஓவனை வாங்கினாள், டயர்க் கடை ஆட்கள் அதை மாடிப்படியில் ஏற்றியபோது சுவரில் விழுந்த கீறலுக்கு வீட்டுக்காரர் கடைசிவரை என்னிடம் முகம் கொடுக்கவில்லை. அதன் கதவு சரியாக மூடாது, ஒரு ஸ்டூலை முட்டுக்கொடுத்து அதன்மேல் மாவு டின்னை வைத்து, டின்னின்மேல் உன்னைத் தூக்கி உட்காரவைப்பாள். அம்மா செய்த முதல் கேக்குகள் எல்லாம் உன் எடையை நம்பி வெந்தவை. நீ எழுந்து ஓடிவிட்டால் கேக் நடுவில் அமுங்கிவிடும். நான் பத்திரிகை அலுவலகத்தில் ராத்திரி வேலை முடித்து விடிகாலையில் படியேறி வரும்போது கீழே டயர் ரப்பர் வாசனை, பாதிப் படியில் வெனிலா வாசனை, மேலே வந்தால் வெண்ணெய் வாசனை. கண்ணை மூடிக்கொண்டு ஏறினாலும் எத்தனையாவது படியில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவேன்.

அந்த நாளில்தான் அம்மா நம் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டாள். "விக்கிற பொருளை நாம சாப்பிடக் கூடாது. ருசி வேணா பாக்கலாம், அது வேலை. ருசி பாக்கறது சாப்பாட்டுல சேராது." அதை அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, தொழில் நிலைக்க வேண்டும், வீட்டில் இருக்கிற மூன்று வாயும் சேர்ந்து போட்ட முதலைத் தின்றுவிடக் கூடாது என்ற கவலையில் சொன்னாள். நீதான் அந்தச் சட்டத்தில் இருக்கிற ஓட்டையை முதலில் கண்டுபிடித்தாய். ஒருநாள் கோகோ கலந்த பாத்திரம் முழுவதையும் வழித்து, தலையை உள்ளே விட்டு நக்கிவிட்டு, புருவம் வரைக்கும் சாக்லேட்டோடு நிமிர்ந்து, "நான் சாப்பிடலம்மா, ருசிதான் பாத்தேன்" என்றாய். அம்மா சிரித்த சிரிப்பில் மேஜைமேல் இருந்த முட்டைகள் உருண்டன. அப்போது அவள் நல்ல பருமன், சிரித்தால் மேஜையும் சேர்ந்து சிரிக்கும். ஸ்கூட்டரில் மூன்றடுக்குக் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு என் பின்னால் உட்காருவாள், ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் முதுகில் ஒரு குத்து விழும், "மெதுவா, மெதுவா, ரோஜாப்பூ உதிருது" என்பாள், ஐசிங் ரோஜாவைச் சொல்கிறாள். வண்டியின் பின்சக்கரம் எப்போதும் கொஞ்சம் அமுங்கித்தான் ஓடும், டயர்க் கடைக்காரர் நம்மால் வாழ்ந்தார் என்றே சொல்லலாம். அவள் என்னைவிடப் பெரிய உருவம் என்பது எனக்குப் பழகிப்போன உலகம், பொடிசு. கூட்டத்தில் அவளைத் தேடி நான் சிரமப்பட்டதே இல்லை.

இன்னொன்றும் உனக்கு ஞாபகம் இருக்கும், கேக்கின் தலை. வெந்த கேக் நடுவில் மேடாக உப்பி வருமே, ஐசிங் பூசுவதற்கு முன்னால் அந்த மேட்டைக் கத்தியால் சீவி மட்டமாக்குவாள், சீவின துண்டுதான் தலை. அது விற்பனைக்கு ஆகாது, அதனால் சட்டப்படி அது நமக்கு. ஒரு பெரிய தட்டில் அந்தத் துண்டுகளைப் போட்டு மிச்ச கிரீமையும் வழித்து விட்டு மூன்று ஸ்பூனைக் குத்தி வைப்பாள். எங்கள் பத்திரிகை பல மாதம் மூடிக்கிடந்ததே, அப்போது எத்தனையோ நாள் அதுதான் நமக்கு இரவுச் சாப்பாடு. உனக்கு அது கஷ்டகாலம் என்றே தெரியாது, பள்ளிக்கூடத்தில் போய் "எங்க வீட்ல தினமும் கேக்குதான்" என்று பீற்றிக்கொண்டு வந்தாய். நல்ல காலம் வந்த பிறகும் அம்மாவும் நானும் அந்தத் தட்டை விடவில்லை. நீ கல்யாணமாகிப் போன பிறகு மூன்று ஸ்பூன் இரண்டானது, அவ்வளவுதான். நாங்கள் சண்டை போட்டதும் சமாதானம் ஆனதும் உன்னைப் பற்றிக் கவலைப்பட்டதும் அந்தத் தட்டின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்துதான்.

பிறகு முழங்கால் வந்தது. நின்று செய்கிற வேலை, அந்த உடம்பு, கால் எவ்வளவுதான் தாங்கும். முட்டி டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு எடை குறையாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், பட்டினி கிடந்தும் நடந்தும் குறையவில்லை, அதனால்தான் வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்கு அவள் சம்மதித்தாள். அதெல்லாம் உனக்குத் தெரியும். முதல் வருடம் அவள் இறங்கிய வேகத்தைப் போட்டோவில் பார்த்தாய். காய்கறிக் கடைக்காரர் என்னைத் தனியாக ஓரம் கட்டி, கூட வருவது யார் என்று விசாரித்தார், அதை அம்மாவிடம் சொன்னதும் அன்று பூராவும் கண்ணாடி முன்னால்தான். இரண்டாவது வருடம் இறக்கம் நின்றது, பிறகு மெல்ல ஏற ஆரம்பித்தது. நடுநடுவே, வேலை செய்துகொண்டிருக்கும்போதே உடம்பு வியர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்து, கை நடுங்கி அப்படியே உட்கார்ந்துவிடுவாள். ஓவன் சூடு என்று நினைத்தோம், ஒரு பெரிய மின்விசிறி வாங்கி மாட்டினேன்.

மருத்துவமனையில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற டயட்டீஷியன் பெண் உன்னைவிட இளையவள். "நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க ஆன்ட்டி, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றாள். அம்மா சொன்னாள், காலையில் ஒரு முட்டை, மத்தியானம் மசித்த பருப்பும் ஒரு துண்டு மீனும், சாயங்காலம் கொஞ்சம் தயிர், "அதுவே பாதிதாம்மா இறங்குது, கைக்குழந்தை அளவுகூட உள்ள போக மாட்டேங்குது." நானும், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறேன், அவள் சொல்வது அத்தனையும் நிஜம் என்று சாட்சி சொன்னேன். அந்தப் பெண் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்கிறாள், அம்மாவைப் பார்க்கிறாள், இரண்டும் ஒட்டவில்லை. கடைசியில், "வீட்ல என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கேக் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அவளுக்கு ஊர் உலகம் மறந்துபோகுமே. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, நாக்கில் வைத்தால்தான் தெரியும், ஒரு தடவை போதாது, அடிக்க அடிக்க வைத்துப் பார்க்க வேண்டும், சாக்லேட் உருகும்போது ஒன்று, ஆறும்போது ஒன்று, பாலேடு சேர்த்த பிறகு ஒன்று, தலை சீவும்போது உள்ளே வெந்திருக்கிறதா என்று ஒரு விள்ளல் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே போனாள். அந்தப் பெண்ணின் பேனா நின்றுவிட்டது. "ஆன்ட்டி, இதெல்லாம் நீங்க சொன்ன சாப்பாட்டுல வரலையே." அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அது எப்படிம்மா சாப்பாட்டுல வரும்? அது வேலைம்மா." நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் பொய் சொல்லவில்லை, பொடிசு, நானும் சொல்லவில்லை. நம் வீட்டுச் சட்டத்தை இத்தனை வருடமாக யாரும் திருத்தவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெண் பொறுமையாகத்தான் விளக்கினாள். கெட்டியான சாப்பாடு அந்தச் சின்ன வயிற்றில் கொஞ்ச நேரம் நின்று போதும் என்று சொல்லுமாம். "கிரீம், ஐஸ்கிரீம், உருகின சாக்லேட் எல்லாம் நிக்கவே நிக்காது ஆன்ட்டி, வழுக்கிக்கிட்டு ஓடிடும், வயிறு ஒரு கேள்வி கேக்காது. அவ்வளவு சர்க்கரை ஒரேயடியா குடலுக்குள்ள கொட்டினா உடம்பு பதறிப்போயிடும், அதான் அந்த வேர்வை, படபடப்பு எல்லாம்." மின்விசிறி வாங்கிய என்னைப் பார்த்து அம்மா முறைத்தாள். பிறகு அந்தப் பெண் ஒரு வேலை கொடுத்தாள். ஒரே ஒரு நாள், நாக்கில் வைக்கிற ஒவ்வொரு தடவையும் அதே அளவு இன்னொரு ஸ்பூன் எடுத்து ஒரு பாத்திரத்தில் போட்டுக்கொண்டே வர வேண்டும். திரும்பி வரும் வழியில் அம்மா, "டாக்டர் வேஷம் போட்டாலும் அந்தப் பொண்ணுக்கு விளையாட்டுப் புத்தி போகல" என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர மறுநாள் காலையில் பழைய ஜாம் பாட்டில் ஒன்றைக் கழுவித் துடைத்து ஓவன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வேலை என்றால் அவள் ஒழுங்கு உனக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் பாட்டில் நிரம்பிவிட்டது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தை வைத்தாள்.

சாயங்காலம் மேஜைமேல் அந்த பாட்டிலும் கிண்ணமும் இருந்தன, மஞ்சளும் பழுப்பும் வெள்ளையுமாக அடுக்கடுக்காக. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உன் மாமா உள்ளே வந்தான். வந்தவன் வழக்கம்போல ஸ்பூனைத் தேடி எடுத்து, "என்னக்கா, புது ஐட்டமா?" என்று பாட்டிலில் விட்டு வாயில் போட்டுக்கொண்டு, "சூப்பர்க்கா" என்று இன்னொரு ஸ்பூனும் எடுத்தான். அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது என் வயிறுடா" என்றாள். அவன் ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கு முகம் செத்துவிட்டது, அக்காமேல் உயிரல்லவா, வெளியே போன கையோடு உனக்குப் போன் போட்டுவிட்டான். நீ அன்றைக்கே கூப்பிட்டுச் சொன்னதுதான் மேலே எழுதியிருப்பது.

நீ சொன்னதை அம்மா அப்படியே செய்தாள் என்பது உனக்குத் தெரியாது. நான் சொல்ல முயன்றபோதெல்லாம் நீ "வித்தாச்சா" என்றுதான் கேட்டாய். அவள் ஓவன்மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தினாள், கிரீம் அடிக்கிற பீட்டரைக் கழுவிப் பெட்டியில் வைத்தாள், வந்த போன்களுக்கெல்லாம் உடம்பு சரியில்லை என்றாள். நானும் நீ சொன்னதுதான் சரி என்று நினைத்தேன். டிவி முன்னால் சோபாவில் உட்கார்ந்தாள். அந்தக் கையைப் பார்த்திருக்க வேண்டும் நீ. சும்மா இருக்கத் தெரியாமல் சோபாத் துணியின் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தது. அந்த வாரக் கடைசியில் நான் வங்கிக்குப் போய்விட்டு வரும்போது, எதிர்க்கடையில் வாங்கிய ஐஸ்கிரீம் டப்பா அவள் மடியில் காலியாக இருந்தது. என்னைப் பார்த்து ஒளிக்கவில்லை. "வேலையும் இல்ல, ருசி பாக்கறதும் இல்ல. இதையாவது சாப்பிடறேனே" என்றாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் படபடப்பு வந்தது, முன்னைவிடப் பலமாக, புடவை நனைகிற அளவுக்கு வியர்வை, அவள் நெஞ்சில் கை வைத்தால் என் உள்ளங்கையில் அடிக்கிறது, தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, "பொடிசுகிட்ட சொல்லிடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டேன். நீ தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான், ஓவனை மூடிய வாரத்தில்தான் அவள் அதிகம் சாப்பிட்டாள். நிற்கிறபோது ஸ்பூனில் போனது உட்கார்ந்தபோது டப்பாவில் போயிற்று.

அதற்கு மறுநாள் பல் டாக்டர் கூப்பிட்டார். வருஷா வருஷம் தன் அம்மாவின் பிறந்தநாளுக்கு நம்மிடம் கேக் வாங்குவாரே அவர்தான், ஊர்ப் பல்லெல்லாம் சொத்தையாக இருந்தால்தான் தன் பிழைப்பு நடக்கும், அதனால் உங்கள் தொழில் நன்றாக இருக்கட்டும் என்று கேலி பேசுவார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். நாளைக்குச் சொல்கிறேன் டாக்டர் என்று வைத்துவிட்டாள். டீயைக் குடித்து முடித்தாள். பிறகு, "செய்யணும். ஆனா என் நாக்கு இதுல வராது. வேற நாக்கு வேணும்" என்றாள். வாயில் வைத்துத் துப்பிவிடலாமே என்று நீ நினைப்பாய், நானும் சொன்னேன், அவளும் செய்து பார்த்தாள், முடியவில்லை. உள்ளே வந்ததைத் திருப்பி அனுப்ப அவளுக்குத் தெரியவில்லை.

முதலில் உன் மாமாவை உட்காரவைத்தாள். கொடுத்ததற்கெல்லாம் "சூப்பர்க்கா". சந்தேகம் வந்து சர்க்கரையே போடாமல் அடித்த வெண்ணெயைக் கொடுத்தாள், அதுவும் சூப்பர். "ஆண்டவன் உனக்கு நாக்கு வைக்க வேண்டிய இடத்துல செருப்புத் தோலை வெச்சுட்டான்டா, எழுந்திரு" என்று விரட்டிவிட்டு, என் பக்கம் ஸ்பூனை நீட்டினாள். நான் வாயில் வைத்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றேன். அவளுக்கு வந்ததே கோபம். "எங்கயோ ஒரு கிடங்கு தீப்பிடிச்சா பக்கம் பக்கமா எழுதுவீங்க. புகை என்ன நிறம், எந்த ஜன்னல்ல முதல்ல வந்துது, எல்லாம் வரும். நான் அடிச்ச கிரீமுக்கு ஒரே ஒரு வார்த்தைதானா?" என்றாள். இன்னொரு ஸ்பூன் வாங்கி, அவசரப்படாமல், நாக்கில் நடக்கிறதை நடக்கிறபடி சொன்னேன். இனிப்பு முன்னால் ஓடி வருகிறது, வெண்ணெய் பின்தங்கி வருகிறது, இரண்டும் கைகோத்து வரவில்லை, ஓரத்தில் பொடி மணல் மாதிரி ஒரு நறநறப்பு இருக்கிறது என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "நறநறப்பு மேலயா, பல்லுக்கு நடுவுலயா?" பல்லில் இல்லை, மேலண்ணத்தில் என்றேன். "அப்ப இன்னும் அடிக்கணும்." அடித்துவிட்டு மறுபடி நீட்டினாள். "முழுங்கினப்புறம் என்ன மிச்சம் இருக்கு?" என்றாள். என்னிடம் செய்தி வாங்கிய எந்த ஆசிரியரும் இப்படி என்னைக் குடைந்ததில்லை. சாயங்காலத்துக்குள் அவளுக்கு என் வார்த்தைகளின் அர்த்தம் பிடிபட்டுவிட்டது, நான் "பின்தங்குது" என்றால் எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும், "முந்துது" என்றால் எதைச் சேர்க்க வேண்டும் என்று அவளுக்கே ஒரு அளவு வந்துவிட்டது. ஒரே ஒரு கேள்விக்குத்தான் நான் விழித்தேன். போன வருஷம் செய்தது மாதிரியே இருக்கிறதா என்று கேட்டாள். போன வருடம் தின்றதுதான் ஞாபகம் இருக்கிறது, எப்படி இருந்தது என்று ஞாபகம் இல்லை என்றேன். "தெரியுமே" என்றாள்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. பழகின கை, அது பாட்டுக்குப் பாத்திரத்தின் விளிம்பை வழித்து வாய்ப்பக்கம் போகும். பாதியில் நிறுத்திக் குழாயில் கழுவுவாள். சில சமயம் போய்விடும், அப்போது, "ஒண்ணு போயிடுச்சுங்க" என்று அவளே சொல்லிவிடுகிறாள். பல் டாக்டரின் கேக் அவள் நாக்கில் ஒரு துளிகூடப் படாமல் இந்த வீட்டைவிட்டுப் போன முதல் கேக். அதை அட்டைப்பெட்டியில் வைத்து மூடும்போது யாரோ அந்நிய வீட்டுக் குழந்தையை அனுப்புகிற மாதிரி நின்றாள். இரண்டு நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டு, இந்தத் தடவை இனிப்பைக் கொஞ்சம் குறைத்துவிட்டீர்களா, தன் அம்மா இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள் என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க போதும்னு சொன்ன எடத்துல நான் இன்னும் ஒரு கரண்டி போட்டிருப்பேன்" என்றாள். அது பாராட்டா திட்டா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் டயட்டீஷியன் பெண்ணிடம் போனோம். எடை இறங்கவில்லை, ஆனால் ஏறவும் இல்லை. "நின்னதே பெருசு ஆன்ட்டி" என்றாள். படபடப்பு அந்த ஐஸ்கிரீமோடு சரி. முட்டி டாக்டர் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் பார்க்கலாம் என்று இடம் கொடுத்துப் பேசியிருக்கிறார். மறுபடி ஏறினால் அந்த வாசலும் மூடிவிடும், நிற்க முடியாமல் ஓவன் தானாகவே போய்விடும், இது உன்னைவிட அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். புறப்படும்போது அந்தப் பெண் என் வயிற்றைப் பார்த்து, "அங்கிள், நீங்களாவது துப்பிடுங்க" என்றாள். இப்போது துப்புகிறேன், அதைப் பார்த்தால் அம்மாவுக்குத் தாங்கவில்லை, "என் கிரீமை சிங்க்ல துப்பறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கேக்கின் தலையை இப்போது மாமா ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போகிறான். எனக்கு அந்தத் தட்டு நினைவுக்கு வராத நாள் இல்லை, அதை உன்னிடம் மறைப்பானேன். இப்போது அவள் ஒரு துண்டு மீனை நெடுநேரம் மென்று சாப்பிடுகிறாள், நான் என் சாப்பாட்டை முடித்துவிட்டு எதிரில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அப்படி உட்கார்ந்து பழக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த மாதம் பேத்தியின் பிறந்தநாள். வழக்கம்போல அங்கே கடையில் வாங்காமல், இந்தத் தடவை நீயே ஒரு கேக் செய். கோணலாக வந்தாலும் பரவாயில்லை. செய்யும்போது அம்மாவைக் கூப்பிடு, கிரீமை அடித்து ஒரு ஸ்பூன் வாயில் வைத்துக்கொண்டு உள்ளே என்ன நடக்கிறது என்று சொல், அவள் கேட்கிற கேள்விகளுக்கு அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல். ஓவனை விற்கிற பேச்சை எடுக்காதே. நீ ரொம்ப தூரத்தில் இருக்கிறாய், நீ செய்கிறதை அம்மாவால் எப்படி ருசி பார்த்துச் சொல்ல முடியும் என்று நினைக்காதே. இங்கே எங்கள் மேஜைமேல் இருக்கிற கேக்கும் அங்கே உன் மேஜைமேல் இருக்கிற கேக்கும் இப்போது அவளுக்கு ஒரே தூரம்தான்.

வருகிறவர்கள் யார் கையிலும் அந்த கிரீம் வைத்த சாக்லேட் பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிடாதே, விருந்தாளிக்கு என்று சொல்லித்தான் அது பிரிக்கப்படும். அனுப்புவதென்றால் நின்று வேலை செய்ய மெத்தென்ற செருப்பு ஒன்று அனுப்பு, ஆனால் பழைய அளவில் வாங்காதே, அவள் பாதம்கூடச் சிறுத்துவிட்டது. மாப்பிள்ளையை இருமலுக்கு வைத்தியம் பார்க்கச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் முகம் பார்த்துப் பேசிக்கொண்டு, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டு நம்பருக்குக் கூப்பிடு. எவ்வளவு நேரம் மணி அடித்தாலும் வைத்துவிடாதே. நான் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா